நாற்காலியை விட்டு இறங்கிய பேராசிரியர்

அவர் ஒரு பெரிய கல்லூரிக்குத் தலைவர். வயது 45. உடம்பில் தெம்பு இருக்கிறது. பேரும் புகழும் ஏறிக்கொண்டே போகின்றன. "போதும், இறங்குங்கள்" என்று யாரும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

அந்தப் பதவியை அவர் தாமாகவே விட்டார். விட்டுவிட்டு எங்கே போனார்? டெல்லிக்கா? வெளிநாட்டுக்கா? பெரிய கம்பெனிக்கா? எங்கேயும் போகவில்லை. அதே கல்லூரியில் ஒரு பேராசிரியராக அமர்ந்தார். நேற்று வரை தமக்குக் கீழே வேலை பார்த்தவர் தலைவரானார். அவருக்குக் கீழே இவர் வேலை பார்த்தார்.

இது நடந்தது 1972-ம் ஆண்டில். இடம், குஜராத்தில் உள்ள ஆமதாபாத் நகரம். கல்லூரி, இந்திய நிர்வாகவியல் கழகம். ஐ.ஐ.எம். என்று சுருக்கமாகச் சொல்கிறார்களே, அதுதான். இறங்கியவர் பெயர் ரவி ஜான் மத்தாய்.

ஒரு ஹைஸ்கூலை நினைத்துப் பாருங்கள். ஏழு வருஷம் ஹெட்மாஸ்டராக இருந்தவர் ஒரு நாள் காலையில் தம் அறையைக் காலி செய்கிறார். சாவியைச் சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுக்கிறார். சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறார். ஊர் சும்மா இருக்குமா? "கணக்கில் ஏதோ கோளாறு" என்பார் ஒருவர். "கமிட்டிக்காரர்களோடு தகராறு" என்பார் இன்னொருவர். மத்தாய் விஷயத்தில் கோளாறும் இல்லை, தகராறும் இல்லை. பின் ஏன் இறங்கினார்? அதைத் தெரிந்துகொள்ள, அவர் அந்த நாற்காலியில் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும்.

தகப்பனார் நடந்த வழி

பதவியை உதறுவது அந்த வீட்டுக்குப் புதிது அல்ல. ரவி மத்தாயின் தகப்பனார் டாக்டர் ஜான் மத்தாய். கோழிக்கோட்டில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். சென்னையில் வக்கீல் தொழில் பார்த்தார். பிறகு லண்டனுக்குப் போய்ப் பொருளாதாரம் படித்தார். நம் நாட்டுக் கிராமங்கள் பழைய காலத்தில் தங்கள் காரியங்களைத் தாங்களே எப்படிக் கவனித்துக்கொண்டன என்பதைப் பற்றி அவர் எழுதிய நூல் 1915-ல் வந்தது. ஊர் திரும்பியபின் சென்னை ராஜதானிக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராகவும் இருந்தார்.

நாடு சுதந்திரம் அடைந்ததும் நேரு அவரை மந்திரி சபையில் சேர்த்துக்கொண்டார். சுதந்திர இந்தியாவின் முதல் ரெயில்வே மந்திரி அவர்தான். பின்பு நிதி மந்திரி ஆனார். 1950-ல், திட்டக் கமிஷனுக்கு அதிக அதிகாரம் கொடுப்பது சரியல்ல என்று வாதாடினார். வாதம் எடுபடவில்லை. ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அதன்பின் ஸ்டேட் பாங்கின் முதல் தலைவராகவும், கேரளப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் இருந்து 1959-ல் காலமானார்.

கிராமம் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியும் என்று தகப்பனார் புத்தகம் எழுதினார். அறுபது வருஷம் கழித்து மகன் அதையே ஒரு வறண்ட கிராமத்தில் செய்து பார்க்கப் புறப்பட்டார். அந்தக் கதை பின்னால் வருகிறது.

ரவி மத்தாய் பிறந்தது 1927-ல். டேராடூனில் உள்ள டூன் பள்ளியில் படித்தார். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பட்டம் வாங்கினார். கல்கத்தா வந்து மெக்லியோட் என்னும் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தார். பிறகு கம்பெனி வேலையை விட்டு, கல்கத்தா நிர்வாகவியல் கழகத்தில் பேராசிரியர் ஆனார். சரக்கை விற்பது எப்படி என்பதுதான் அவர் நடத்திய பாடம்.

மில் நகரில் ஒரு கல்லூரி

சரக்கு விற்பதற்கு ஒரு கல்லூரியா? கடை நடத்தப் பரீட்சையா? அந்தக் காலத்தில் பலர் இப்படித்தான் சிரித்தார்கள். செட்டியார் கடையில் பையன் பத்து வருஷம் இருந்து கற்றுக்கொள்கிறான். அதைப் பள்ளிக்கூடத்தில் கற்றுக் கொடுக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் நாட்டில் அப்போது இரும்பு ஆலைகளும் அணைகளும் உர ஆலைகளும் எழும்பிக்கொண்டிருந்தன. பத்தாயிரம் பேர் வேலை செய்யும் ஆலையை ஒரு கடையைப் போல நடத்த முடியாது. யந்திரம் வாங்கலாம். அதை ஓட்டும் மனிதர்களை ஒழுங்குபடுத்தி வேலை வாங்கத் தெரிந்தவர்கள் வேண்டுமே! அதற்காக 1961-ம் ஆண்டு கடைசியில் இரண்டு நிர்வாகவியல் கழகங்கள் தொடங்கப்பட்டன. ஒன்று கல்கத்தாவில். மற்றொன்று ஆமதாபாத்தில்.

ஆமதாபாத், பஞ்சாலைகளின் ஊர். ஆலை முதலாளி கஸ்தூரிபாய் லால்பாய், விஞ்ஞானி விக்ரம் சாராபாய், முதல் மந்திரி ஜீவராஜ் மேத்தா ஆகிய மூவரும் முன்நின்று கழகத்தைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் உதவின. அமெரிக்காவின் போர்டு அறக்கட்டளை பணம் கொடுத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி, பாடம் நடத்தும் முறையைக் கற்றுக் கொடுத்தது. ஆமதாபாத் பஞ்சாலை ஆராய்ச்சி நிலையத்தில் தொழிலாளர் உறவுகளை ஆராய்ந்து வந்த கமலா சௌத்ரி அம்மையார் முதல் ஆசிரியராக வந்து சேர்ந்தார். ஷாகிபாக் பகுதியில் ஒரு பங்களாவில் வேலை தொடங்கியது.

அங்கே பாடம் நடத்தும் முறையே வேறு. ஆசிரியர் சொல்ல, மாணவர் எழுதிக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை. உதாரணத்துக்கு ஒரு சைக்கிள் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். சரக்கு தேங்கிவிட்டது. விலையைக் குறைப்பதா? ஆட்களைக் குறைப்பதா? வேறு ஊரில் கடை திறப்பதா? கம்பெனியின் கதையை, வரவு செலவுக் கணக்கோடு, முதல் நாளே மாணவர் கையில் கொடுத்துவிடுவார்கள். இரவெல்லாம் படித்துவிட்டு வர வேண்டும். மறுநாள் வகுப்பில் ஒருவர் ஒன்று சொல்வார். இன்னொருவர் மறுப்பார். ஆசிரியர் நடுவில் நின்று கேள்வி மேல் கேள்வி போடுவார். விடை மட்டும் சொல்ல மாட்டார்!

நம் நாட்டில் வாத்தியார் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது என்று பழகிய பையன்களுக்கு இது விசித்திரமாக இருந்திருக்கும். பட்டப்படிப்புக்கான முதல் கோஷ்டி 1964-ல் சேர்ந்தது. அந்தக் கோஷ்டியில் கோயம்புத்தூரில் பிறந்து சென்னை லயோலாக் கல்லூரியில் படித்த ஓர் இளைஞரும் இருந்தார். பிற்காலத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, உலகப் புகழ் பெற்ற சி. கே. பிரகலாத்தான் அவர்.

ஆள் தேடிய படலம்

கழகத்தின் டைரக்டராக முதலில் இருந்தவர் விக்ரம் சாராபாய். சம்பளம் வாங்காத கௌரவப் பதவி. ஆனால் அவருக்குத் தலைக்கு மேல் வேலை. ஆமதாபாத்தில் பௌதிக ஆராய்ச்சிக் கூடம் நடத்தினார். கேரளத்தில் தும்பாவிலிருந்து 1963 நவம்பரில் முதல் ராக்கெட்டைப் பறக்க விட்டது அவருடைய குழு. குடும்பத் தொழில்களும் இருந்தன. கல்லூரிக்கு முழு நேரமும் கொடுக்கக்கூடிய ஒருவர் வேண்டும் என்று தேடினார்கள்.

கடைசியில் 1965-ல் கிடைத்தவர் ரவி மத்தாய். வயது 38. டாக்டர் பட்டம் இல்லை. புத்தகம் எழுதியவர் இல்லை. பேராசிரியர் வேலைக்கு வந்தே அதிக காலம் ஆகவில்லை. அவரைவிட அதிகம் படித்தவர்கள் கழகத்திலேயே இருந்தார்கள். வேறு ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? தமக்குப் பெரிய பட்டம் இல்லையே என்ற எண்ணத்தில் அதிகாரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பார். ஊர் ஊராக இப்படித்தானே பார்க்கிறோம்! மத்தாய் நேர் எதிர் வழியில் போனார்.

யார் பேச்சு எடுபடும்?

ஒரு கல்லூரியில் எந்தப் பாடம் நடத்துவது, யாரைச் சேர்ப்பது, பரீட்சையை எப்படி வைப்பது? இவற்றை யார் முடிவு செய்ய வேண்டும்? பல கல்லூரிகளில் பிரின்சிபால் முடிவு செய்வார். அல்லது பல்கலைக்கழகத்திலிருந்து உத்தரவு வரும். ஆசிரியர் அதை நிறைவேற்ற வேண்டும். பாடத்திட்டத்தில் ஒரு வரியை மாற்ற வேண்டுமானால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும்.

ஆமதாபாத்தில் மத்தாய் இந்தப் பொறுப்பை ஆசிரியர் குழுவிடம் கொடுத்தார். பாடத்தை அமைப்பது ஆசிரியர்கள். மாணவரைச் சேர்ப்பது ஆசிரியர்கள் அடங்கிய கமிட்டி. ஆராய்ச்சிக்கு ஒரு கமிட்டி. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆசிரியர் தலைவராக இருப்பார். சில காலம் கழித்து அவர் விலகுவார், இன்னொருவர் வருவார். அப்படி விலகுகிறவருக்கு அவமானம் இல்லை. வருகிறவருக்குத் தனிக் கிரீடமும் இல்லை. வேலை, வேலைதான்.

டைரக்டருக்கு அப்புறம் என்ன வேலை? இரண்டு வேலை என்று மத்தாய் கருதினார். ஒன்று, ஆசிரியர்கள் நல்ல முறையில் வேலை செய்ய வேண்டிய வசதியைத் தேடிக் கொடுப்பது. மற்றொன்று, வெளியிலிருந்து வரும் நெருக்கடி அவர்கள் மேல் விழாமல் தாங்கிக்கொள்வது. பணம் சர்க்காரிடமிருந்து வருகிறது. பணம் கொடுக்கிறவர் கேள்வி கேட்பார். "இந்தப் பையனைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சிபாரிசு வரலாம். "இந்த ஆராய்ச்சி வேண்டாம்" என்று டெலிபோன் வரலாம். கழகத்தின் நிர்வாக சபை இவர் பக்கம் நின்றதும் ஓர் அதிர்ஷ்டம். இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் முதல் இந்தியத் தலைவராக இருந்த பிரகாஷ் டாண்டன் அந்தச் சபைக்குச் சில ஆண்டுகள் தலைமை வகித்தார். தொழில் நடத்தித் தேர்ந்தவர் என்பதால், வேலை தெரிந்தவன் கையில் வேலையை விட வேண்டும் என்பது அவருக்கு விளங்கியிருந்தது.

இந்த ஏற்பாட்டில் குறை இல்லையா? உண்டு. கமிட்டி என்றால் பேச்சு நீளும். ஒருவர் ஐந்து நிமிஷத்தில் முடிக்கும் காரியத்தை எட்டுப் பேர் ஐந்து வாரம் பேசுவார்கள். சுதந்திரம் கொடுத்தால் உழைக்கிறவனும் இருப்பான், தூங்குகிறவனும் இருப்பான். மத்தாய் இது தெரியாதவர் அல்ல. ஆசிரியருக்கு மேலதிகாரி பயம் வேண்டாம். ஆனால் சக ஆசிரியர் முன்னால் தலை நிமிர்ந்து நிற்க வேண்டுமே என்ற எண்ணம் வேண்டும் என்பது அவர் கொள்கை. மேலதிகாரியை ஏமாற்றலாம். பக்கத்து அறையில் இருப்பவரை ஏமாற்றுவது கஷ்டம்.

அந்த வருஷங்களில்தான் வஸ்திராபூரில் கழகத்தின் சிவப்புச் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. அமெரிக்கச் சிற்பி லூயி கான் வரைந்த படம். கூட இருந்து உதவியவர் நம் நாட்டுச் சிற்பி பாலகிருஷ்ண தோஷி. பூச்சு இல்லாத செங்கல் சுவர்கள், பெரிய வட்டத் திறப்புகள், தாழ்வாரங்கள். இன்றும் பல நாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

மத்தாய்க்கு இன்னோர் எண்ணமும் இருந்தது. நிர்வாகம் என்பது ஆலை முதலாளிகளுக்கு மட்டும் சொந்தமா? ஆஸ்பத்திரியை நிர்வகிக்க வேண்டாமா? பள்ளிக்கூடம், கூட்டுறவு சங்கம், விவசாயம், சர்க்கார் ஆபீஸ் இவற்றை நிர்வகிக்க வேண்டாமா? நாட்டில் பெரும்பாலோர் வாழ்வது இவற்றை நம்பித்தான். நிர்வாகம் மிக மோசமாக இருப்பதும் இங்கேதான். கழகம் இந்தத் துறைகளிலும் இறங்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். விவசாயத் துறைக்கென்று அங்கே ஆசிரியர்கள் வேலை செய்தார்கள். 1971-ல் டாக்டர் பட்டத்துக்குச் சமமான படிப்பு ஆரம்பமாயிற்று. நிர்வாகவியல் ஆசிரியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் தயார் செய்ய வேண்டும் என்ற நிலை மாறத் தொடங்கியது.

"நான் இல்லாவிட்டால்?"

ஏழு வருஷம் ஓடியது. கழகம் பெயர் வாங்கிவிட்டது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான கதைகளில் தலைவர் சிலையாகிவிடுவார். அவருடைய படத்துக்கு மாலை விழும். "அவர் இல்லாவிட்டால் இந்த இடம் என்ன ஆகும்?" என்று எல்லோரும் பேசுவார்கள். அவருக்கும் அதைக் கேட்க இனிக்கும்.

மத்தாய்க்கு அந்தப் பேச்சே ஆபத்தாகத் தெரிந்தது. ஒரே ஆள் நீண்ட நாள் உட்கார்ந்தால், மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். ஆசிரியர்கள் நடத்தும் கழகம் என்று அவர் சொல்லிவந்தது உண்மையானால், அவர் இல்லாமலும் அது நடக்க வேண்டும். நடக்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு.

1972-ல் அவர் டைரக்டர் பதவியை விட்டார். கழகத்திலேயே ஆசிரியராக இருந்த பொருளாதார நிபுணர் சாமுவேல் பால் அடுத்த டைரக்டர் ஆனார். மத்தாய் பேராசிரியராகத் தொடர்ந்தார்.

கேட்க எளிது. நடத்திக் காட்டுவது அவ்வளவு எளிதல்ல. பழைய எஜமானர் பக்கத்து அறையில் இருக்கும்போது புதியவருக்கு எவ்வளவு சங்கடம்! குறை உள்ளவர்கள் எல்லாம் பழையவர் அறைக்குப் போவார்கள். "உங்கள் காலத்தில் இப்படி இல்லை, சார்" என்பார்கள். மாமியார் சாவியைக் கொடுத்த பிறகும் சமையலறை வாசலிலேயே நின்றால் மருமகள் எப்படிக் குடும்பம் நடத்துவாள்? சாவியைக் கொடுப்பதைவிட வாசலை விட்டு நகர்வதுதான் கடினம். சாமுவேல் பால் 1978 வரை கழகத்தை நடத்தினார். பிற்காலத்தில் பெங்களூரில், தண்ணீர், மின்சாரம், ஆஸ்பத்திரி ஆகிய பொதுச் சேவைகளுக்குக் குடிமக்களே மார்க் போடும் முறையைக் கொண்டுவந்தவரும் இவரே.

மத்தாய் விட்டுச்சென்ற ஏற்பாடு பிறகு பல சோதனைகளைக் கண்டது. 2004-ல் மத்திய சர்க்கார், ஆண்டுக்குச் சுமார் 1.5 லட்சம் ரூபாயாக இருந்த கட்டணத்தை 30 ஆயிரமாகக் குறைக்கும்படி உத்தரவிட்டது. குறைப்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கட்டணம் குறைந்தால் கழகம் பணத்துக்கு டெல்லியை எதிர்பார்க்க வேண்டும்; பணத்தோடு உத்தரவும் வரும் என்று ஆமதாபாத் ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். ஆட்சி மாறியதும் உத்தரவு கைவிடப்பட்டது. 2017-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டம் இந்தக் கழகங்களுக்கு அதிகச் சுதந்திரம் கொடுத்தது. 2023-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. டைரக்டரை நியமிக்கும் முன் ஜனாதிபதியின் அனுமதி பெற வேண்டும் என்ற விதி வந்தது. கழகம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

80 ஆயிரம் பேர் இருக்கிறார்களே!

பதவியை விட்ட மத்தாய் சும்மா இருந்தாரா? அவர் வாழ்க்கையில் மிகவும் சுவையான பகுதி இனிமேல்தான் வருகிறது.

ராஜஸ்தானத்தில் அப்போதைய அஜ்மீர் ஜில்லா. அங்கே பியாவர் ஊருக்குப் பக்கத்தில் ஜவாஜா என்னும் வட்டாரம். சுமார் 200 கிராமங்கள். சுமார் 80 ஆயிரம் ஜனங்கள். மழை பொய்க்கும் பூமி. பாறையும் மணலுமான நிலம். இந்த வட்டாரத்தில் முன்னேற்றத்துக்கு வழியே இல்லை. வளம் என்று சொல்ல எதுவும் இல்லை என்பது அதிகாரிகளின் முடிவு.

மத்தாய் அந்த முடிவைத் திருப்பிப் போட்டார். வளம் இல்லையா? 80 ஆயிரம் பேர் இருக்கிறார்களே, அவர்கள் வளம் இல்லையா? அவர்கள் கையில் தொழில் இருக்கிறது. நெசவாளர் இருக்கிறார்கள். தோல் தொழிலாளர் இருக்கிறார்கள். இருசாராரும் சமூகத்தில் கீழே ஒதுக்கப்பட்டவர்கள். கை வேலை தெரியும். ஆனால் நூலுக்கும் தோலுக்கும் ஒருவரை நம்ப வேண்டும். விற்க இன்னொருவரை நம்ப வேண்டும். கடனுக்கு மூன்றாமவரை நம்ப வேண்டும். இத்தனை பேரையும் நம்பிய பிறகு கையில் மிஞ்சுவது கூலிகூட இல்லை.

1975-ல் மத்தாயும் கழகத்தின் சில ஆசிரியர்களும் ஜவாஜாவுக்குப் போனார்கள். ஆமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்புக் கழகமும் சேர்ந்துகொண்டது. அதற்கு அப்போது தலைவராக இருந்தவர் அசோக் சட்டர்ஜி. புதிய மாதிரிகளை வரைந்து பழக்க அந்தக் கழகத்தினர் வந்தார்கள். கரடுமுரடான துணி நெய்தவர்கள் நகரத்து வீடுகளுக்கு ஏற்ற கம்பளி விரிப்பு நெய்யக் கற்றார்கள். தோல் தொழிலாளர் பைகள் செய்யக் கற்றார்கள்.

இது வரை சொன்னால், ஏதோ கைத்தொழில் பயிற்சி என்று தோன்றும். மத்தாய் இதை அப்படிப் பார்க்கவில்லை. கிராமப் பல்கலைக்கழகம் என்று இதற்குப் பெயர் வைத்தார். கட்டடம் இல்லாத பல்கலைக்கழகம். பட்டம் இல்லை. பரீட்சை இல்லை. மணி அடிப்பதில்லை. மாணவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அப்படியானால் பாடம் எது?

தொழிலே பாடம். ஒரு விரிப்புக்கு எத்தனை கம்பளி நூல் செல்லும்? அதன் விலை என்ன? எத்தனை நாள் கூலி? இதைக் கூட்டிப் பார்த்தால் அடக்க விலை தெரிந்துவிடும். அடக்க விலை தெரிந்தவனை வியாபாரி ஏமாற்ற முடியாது. இது ஒரு பாடம். நகரத்துக் கடைக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஏன்? தையல் கோணலா? சாயம் ஒட்டுகிறதா? யாருடைய கை செய்த தப்பு, நஷ்டத்தை யார் ஏற்பது? இது இரண்டாவது பாடம். இதுதான் கஷ்டமான பாடம். சொந்தக்காரனைப் பார்த்து "உன் வேலை சரியில்லை" என்று சபையில் சொல்ல வேண்டும். பாங்கில் போய்க் கடன் கேட்பது, கணக்கு வைப்பது, ஆபீசர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது, எல்லாம் பாடம்தான். ஆமதாபாத்தில் கோட்டு சூட்டுப் போட்ட மாணவர்கள் படிக்கிற பாடமும் இதுதானே! அங்கே காகிதத்தில் கம்பெனி. இங்கே அடுப்பில் உலை ஏறுமா என்பதே கேள்வி.

ஆசிரியர்களும் அங்கே மாணவர்கள் ஆனார்கள். பெரிய பெரிய ஆலைகளுக்கு யோசனை சொன்னவர்கள், ஒரு கிராமத்து நெசவாளரின் முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் திணறியிருப்பார்கள். அந்தக் கேள்வி எல்லாக் கிராமத்திலும் ஒன்றுதான்: "எங்கிருந்தோ வந்திருக்கிறீர்கள். எத்தனை நாள் இருப்பீர்கள்? போன பிறகு எங்கள் கதி என்ன?"

மத்தாய்க்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆமதாபாத்தில் தம்மையே கேட்டுக்கொண்ட கேள்வி அல்லவா! கிராமத்தார் தங்கள் காலில் நிற்க வேண்டும். அதற்காக வெளியிலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலக வேண்டும் என்பது முதலிலிருந்தே திட்டம். பழைய வியாபாரியின் இடத்தில் பேராசிரியர் உட்கார்ந்துவிட்டால் என்ன பயன்? ஒரு தரகர் போய் இன்னொரு தரகர், நல்ல தரகர், வந்ததாக ஆகும். அவ்வளவுதான். ஆகவே, சரக்கு விற்கப் பட்டணம் போகும்போது தொழிலாளரையும் உடன் அழைத்துப் போவது, பிறகு அவர்களையே அனுப்புவது என்று வேலை நடந்தது. நெசவாளரும் தோல் தொழிலாளரும் சேர்ந்து ஜவாஜா கைவினைஞர் கூட்டமைப்பு என்று ஒன்றைத் தங்களுக்கென அமைத்துக்கொண்டார்கள்.

ஜவாஜா முழுவதும் செழித்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். 200 கிராமங்களில் மழை அதிகமாகப் பெய்துவிடவில்லை. பலன் கண்டவர்கள் அந்த 80 ஆயிரம் பேரில் ஒரு சிறு பகுதியினர்தான். கடன் தொல்லையும் சாதிச் சண்டையும் ஒரே நாளில் தீர்ந்துபோகிற விஷயங்கள் அல்ல. வேலையும் மெதுவாகத்தான் நடந்தது. விலகுவதாகச் சொன்ன உதவியாளர்களைப் போகாதீர்கள் என்று பிடித்துக்கொள்வதும், பிறகு தாங்களே நடத்திப் பார்ப்பதுமாகக் காலம் சென்றது. ஆனால் வளமே இல்லை என்று எழுதப்பட்ட ஊரிலிருந்து விரிப்பும் பையும் பட்டணத்துக் கடைகளுக்குப் போயின. விலையைச் சொன்னவர்கள் அவற்றைச் செய்தவர்கள்.

பால் ஊரில் ஒரு கல்லூரி

இதற்கிடையே குஜராத்தில் ஆனந்த் என்னும் ஊரில் இன்னொரு காரியம் நடந்தது. அமுல் பால் கூட்டுறவை வளர்த்த வர்கீஸ் குரியன் அங்கே இருந்தார். அவரும் கோழிக்கோட்டுக்காரர். லயோலாவிலும் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியிலும் படித்தவர். மத்தாய் குடும்பத்துக்கு உறவினர்.

குரியனுக்கு ஒரு மனக்குறை. ஆமதாபாத்தில் படித்த பிள்ளைகள் பெரிய கம்பெனிகளுக்குப் போகிறார்கள். பால் கறக்கும் குடியானவனின் சங்கத்தில் வேலை பார்க்க வருவார் இல்லை. சோப்பு விற்க ஆள் உண்டு; பால் சங்கம் நடத்த ஆள் இல்லை. இந்தக் குறையைத் தீர்க்க 1979-ல் ஆனந்தில் கிராம நிர்வாகவியல் கழகம் தொடங்கப்பட்டது. அதை உருவாக்க யோசனை சொல்லி உழைத்தவர்களில் மத்தாய் ஒருவர். அங்கே சேரும் மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கிப் படிக்க வேண்டும் என்பது விதி.

1984-ல் ரவி மத்தாய் காலமானார். அறுபது வயதுகூட நிரம்பவில்லை. ஜவாஜா அனுபவத்தைப் பற்றிய அவருடைய நூல் அடுத்த ஆண்டு, 1985-ல் வெளிவந்தது. ஆனந்த் கழகத்தின் நூல்நிலையத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஆமதாபாத் கழகத்தில் கல்விக்காக ஏற்பட்ட ஆராய்ச்சி மையத்துக்கும் அவர் பெயர்தான். அந்த மையத்தார் சர்க்கார் பள்ளிகளைத் தேடிப் போகிறார்கள். யாரும் உத்தரவு போடாமல், தாமே ஒரு புது வழி கண்டுபிடித்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் கிராமத்து ஆசிரியர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து, அந்த வழிகளை எழுதிச் சேர்த்து வைக்கிறார்கள்.